ரேடியோவைத் தட்டாதீங்க

நஸ்ரினுக்கும் ரியாஸுக்கும் அத்தா எழுதுவது.

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து பிரியா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த டெக்னீஷியன் அவர். நன்றாகப் படித்தவர். ஆனாலும் கேட்காமல் எதையும் கழற்ற மாட்டார்.

“பாய், பழைய கம்ப்யூட்டர மாத்தறோம். சாப்ட்வேரும் புது வெர்ஷன். ஸ்டுடியோ மேஜைக்கு அடியில, கம்பெனி மெஷின்ல இருக்கற மாதிரி ஒரு பச்சை பட்டன் இருக்கே, அது எதுக்கு? கழட்டிடலாமா?”

“ரெண்டு நாள் விட்டு வைம்மா, சொல்றேன்” என்றேன்.

சொல்ல உட்கார்ந்தால் அது போனில் சொல்லும் அளவில் இல்லை. சின்ன வயதில் உங்களை யாராவது ‘உங்க அத்தா ரேடியோல என்ன பண்றாரு?’ என்று கேட்டால் ‘ஜெனரேட்டர் போடறாரு’ என்பீர்கள். அதுவும் உண்மைதான். மீதியை இதில் எழுதுகிறேன். பிரியாவுக்கும் ஒரு நகல் அனுப்புவேன்.

நான் படித்தது பத்தாவது, அதற்குமேல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன். ஓசூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் வேலை. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது நான் கூடப் போகவில்லை. நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். சூளகிரிக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே ஒரு மேட்டில் சமுதாய வானொலி ஒன்று தொடங்கி, டிரான்ஸ்மிட்டரும் ஜெனரேட்டரும் பார்க்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன்.

பெரிய ஸ்டேஷன் என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பம், மூன்று அறை, சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். தக்காளி விலை, மல்லித்தழை விலை, தடுப்பூசி போடும் நாள், காணாமல் போன எருமை. தமிழில் பாதி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மீதி.

பொறுப்பாளர் ஷீலா மேடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அட்டையில் ‘தவறுகள்’ என்று எழுதியிருக்கும். ஒலிபரப்பில் எது பிசகினாலும் அதில் மூன்று கட்டம் நிரப்ப வேண்டும்: நேரம், என்ன நடந்தது, யார். சேர்ந்த புதிதில் ஒரு பாட்டு இரண்டு முறை ஓடிவிட்டது. ‘யார்’ கட்டத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்தார்.

“கம்ப்யூட்டருக்கு இங்க சம்பளம் போடறதில்ல பாய். ஆள் பேரு எழுதுங்க.”

இன்னொரு பழக்கமும் அவர் வைத்ததுதான். வெளி அறையில் ஒரு சாதாரண பாக்கெட் ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நான். “உள்ள நாம பேசறது வெறும் பேச்சு பாய். அந்த டப்பாவுல வர்றதுதான் ஒலிபரப்பு” என்பார். இது நல்ல விதி. ஸ்டுடியோவில் மைக் திறந்தால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும், இல்லையென்றால் அதன் சத்தமே மைக்குக்குள் போய்க் கூவும். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே என்ன போகிறது என்று தெரியாது. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரு கம்பெனி சாப்ட்வேர். எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி, எந்தப் பாட்டு என்று அடுக்கி வைத்தால் அது வரிசையாக ஓட்டும். ஒரு நாள் காலையில் ‘அனுமதிக் காலம் முடிந்தது’ என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. விவசாய நிகழ்ச்சி பாதியில் அறுந்தது. அன்றைக்குத்தான் மேடம் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு மாறுவது என்று முடிவு செய்தார். ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்: கம்பெனியில் சில மெஷினின் மூடியில் சீல் இருக்கும், உடைத்தால் வாரண்டி போகும். சீல் இல்லாத மெஷினும் உண்டு, வரைபடமும் மூடிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். இது இரண்டாவது வகை. திறக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். நிறுவிக் கொடுத்த இன்ஜினியர் பெங்களூருக்குப் போய்விட்டதால் மூடி திறக்கும் வேலை என்னிடம் வந்தது.

அதில் ஒரு வசதி இருந்தது. இருபது விநாடி தொடர்ந்து பேச்சு, பாட்டு அளவுக்குச் சத்தம் இல்லையென்றால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, நாம் முன்பே வைத்த ஒலியைத் தானாக ஓட்டும். சத்தம் திரும்பியதும் விலகிக்கொள்ளும். இருபது என்ற எண்ணைப் போட்டவன் நான். என்ன ஒலியை வைப்பது என்ற கேள்விக்கு விடை கெலமங்கலம் சந்தையிலிருந்து நடந்து வந்தது.

ஒருவர் உடைந்த ரேடியோவோடு வந்தார். “உங்க ஸ்டேஷன் நின்னு போச்சு. ரேடியோதான் மக்கர் பண்ணுதுன்னு தட்டினேன். ஒடஞ்சி போச்சு. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார்.

அங்கே இருந்த ரத்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ரத்னம்மா எங்கள் மார்க்கெட் நிகழ்ச்சிக்காரர். விடிவதற்கு முன் தக்காளி மண்டிக்குப் போய் விலை கேட்டு, எட்டு மணிக்கு வந்து மூன்று பாஷையில் சொல்வார். எந்த பாஷையில் ஆரம்பிக்கிறார் என்பது கடைசியாக யாரோடு சண்டை போட்டு வந்தார் என்பதைப் பொறுத்தது.

“தட்டாம பின்ன, தடவியா குடுப்பாங்க? பாய், மைக்க போடுங்க. நான் சொல்றேன்” என்று உட்கார்ந்தார். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே மூச்சில் வந்தது, ‘தட்டாதீங்க’ மட்டும் மூன்று பாஷையிலும்:

“ஏம்பா, சத்தம் காணோமா? ரேடியோவத் தட்டாதீங்க. கொட்டொத்து, தட்டபேடி! உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்குது. கோளாறு எங்க பக்கம். எங்கயும் போயிடாதீங்க, நான் ரெண்டு நிமிசத்துல வந்துடறேன்.”

பின்னால் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டு ஒன்றைச் சேர்த்தேன், கைதட்டல் சத்தமாக இருக்கும் என்பதற்காக. அந்தப் பதிவு வந்த பிறகு எங்கள் ஸ்டேஷன் நின்றால்கூட ஜனங்களுக்குப் பிடித்தது. டீக்கடையில் கரண்ட் போனால்கூட ‘தட்டாதீங்கப்பா’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் சாயங்காலம் ரத்னம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள்.

எட்டு மணி அவருடைய நேரம். அந்த நேரத்தை என்ன செய்வது என்று பேசினோம். நம் ஊரில் எந்தக் கூட்டத்திலும் இறந்தவருக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செய்வது வழக்கம். பஞ்சாயத்துக் கூட்டமோ, கம்பெனி யூனியனோ, ஸ்கூல் பிரேயரோ, எல்லா இடத்திலும். நாங்களும் அதையே செய்வது என்று முடிவு செய்தோம், இரண்டு நிமிஷம். அதை ரேடியோவில் செய்கிறோம் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. மௌனத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும் ஒன்றை நானே வைத்திருக்கிறேன் என்பதும் எனக்கு வரவில்லை.

அன்று இன்னொரு தப்பும் செய்தேன். ரேடியோ பக்கத்தில் உட்கார வேண்டியவன், எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் வெளியே உட்காருவது மரியாதையில்லை என்று ஸ்டுடியோவுக்குள் போய் நின்றேன். வெளிக் கதவு சாத்தியிருந்தது. மேடம் ரத்னம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசி, “இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி” என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி வைத்தார். மைக் திறந்திருந்தது, அதனால் உள் ஸ்பீக்கர் அடங்கியிருந்தது. கண்ணை மூடி நின்றோம். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முடிந்ததும் மேடம் நன்றி சொன்னார். ஒரு புல்லாங்குழல் இசையை ஓட்டிவிட்டு வெளியே வந்தோம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். டீக்கடைக்காரர்.

“ஏன்யா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்குதா? பொணத்த நடு வீட்ல வெச்சிகினு கும்மி போடறீங்களா?”

போனை வைத்துவிட்டு மேடத்திடம் சொன்னேன். ஒலிபரப்பு முழுவதையும் மூன்று மாதம் சேமித்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள்ள விதி. அதற்கென்று தனிக் கம்ப்யூட்டர் இருந்தது. மேடம் அதன் முன்னால் உட்கார்ந்தார். “போடுங்க” என்றார். போட்டேன். மேடத்தின் குரல், மௌனம், சரியாக இருபது விநாடி. பிறகு ரத்னம்மா. ‘எங்கயும் போயிடாதீங்க, நான் ரெண்டு நிமிசத்துல வந்துடறேன்.’ பிறகு கும்மி, கைதட்டல். மேடம் பேச ஆரம்பித்ததும் அது பாதியில் அறுந்தது. ஓடும்போதே நிறுத்தலாமா என்று மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், துடைக்கவில்லை. முழுவதையும் கேட்டார்.

நோட்டை எடுத்தார். நேரம் எழுதினார். என்ன நடந்தது என்று எழுதினார். ‘யார்’ கட்டத்துக்கு வந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினார். என் பெயரை எழுதினேன். அவர் பேனாவை வாங்கி அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

“மௌனம்னு சொன்னது நான். ரெடியா இருங்க, வீட்டுக்குப் போகணும். எடுக்கறதுக்கு முன்னாடி போகணும்.”

“நான் என்ன சொல்றது மேடம்?”

“நடந்தத சொல்லுங்க. மூணு வாக்கியத்துக்கு மேல வேண்டாம்.”

மேடத்தின் ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் உட்கார்ந்து அந்த மூன்று வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்தது.

ரத்னம்மாவின் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா. ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ரோஜாவும் போடுகிறவர், அதிகம் பேசாதவர். வீட்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே சுவரில் பலகை மேல் ரேடியோ இருந்தது. எட்டு மணிக்கு அவளைப் பற்றிச் சொல்வார்கள் என்று அவர்தான் சத்தமாக வைத்திருந்தாராம். பக்கத்து அறையில் படுத்திருந்த அவருடைய அம்மா அந்தக் குரலைக் கேட்டு, ‘ரத்னா வந்துட்டா, காப்பி குடுங்க’ என்று எழுந்து உட்கார்ந்தாராம். இதைக் கூட்டத்தில் ஒருவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“அண்ணா, சத்தம் நின்னா கோளாறுன்னு நெனச்சிகினு பேசற மாதிரி ஒண்ணு வெச்சிருந்தோம்” என்றேன். “அத அப்படி வெச்சது நான். இன்னைக்கு அத நிறுத்தணும்னு எனக்குத் தோணல.”

கிருஷ்ணப்பா உள்ளே போனார். ரேடியோவை எடுத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரி இரண்டையும் கழற்றித் திண்ணை மேல் வைத்தார். ரேடியோவை என் கையில் கொடுத்தார்.

“இத எடுத்துகினு போயிடுங்க பாய். இனிமே இந்த வீட்ல வேணாம்.”

எடுத்து வந்தேன். வெளி அறையில் இருந்த பாக்கெட் ரேடியோவை உள்ளே வைத்துவிட்டு, அதன் இடத்தில் கிருஷ்ணப்பா வீட்டு ரேடியோவை வைத்தேன். இனி தினமும் அதில்தான் ஒலிபரப்பைக் கேட்பது என்று. ரத்னம்மாவின் பதிவை எடுத்துவிட்டு வீணை இசை ஒன்றை மாற்றி வைத்தேன். பதிவை அழிக்கப் போனபோது மேடம் வேண்டாம் என்றார். கிருஷ்ணப்பாவின் ரேடியோ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். எனக்கு அதற்குமேல் ஆசை இல்லை. ஆனால் ‘இனிமேல் நடக்காது’ என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

சாப்ட்வேரின் மூடியைத் திறந்தேன். முழுக்க இங்கிலீஷ் எழுத்து, ஆயிரக்கணக்கான வரி. ‘இருபது’ எங்கே இருக்கிறது என்று தேடவே நாலு நாள் ஆனது. அதை இருநூறாக்கிவிடலாம் என்று மேடத்திடம் போனேன்.

“அப்ப நெஜமாவே கோளாறு வந்தா மூணு நிமிஷம் நமக்கே தெரியாதே” என்றார். அதுவும் சரிதான்.

அப்போதுதான் கம்பெனி பிரஸ் மெஷின் ஞாபகம் வந்தது. கை நசுங்காமல் இருக்க அதில் பட்டன் வைத்திருப்பார்கள். பட்டனில் கை இருக்கும் வரைதான் மெஷின் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போகிற பட்டனாக இருந்தால் மனுஷன் மறந்துவிடுவான். இங்கேயும் அதுதான் வேண்டும். ஒரு ஆள் விரலால் அமுக்கிக்கொண்டிருக்கும் வரை மௌனத்தைக் கோளாறாக எண்ணக் கூடாது. விரலை எடுத்ததும் இருபதை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

யோசனை இருந்தது, எழுதத் தெரியவில்லை. அந்த சாப்ட்வேரை வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்டு பதில் சொல்லும் மின்னஞ்சல் குழு ஒன்று உண்டு. நஸ்ரின், அப்போது ஒரு கடிதத்தின் இங்கிலீஷைத் திருத்தித் தந்தாயே, அது இதற்குத்தான். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ‘எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் எல்லோரும் பேசாமல் நிற்போம், உங்கள் சாப்ட்வேருக்கு அது தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன். முதலில் ஒருவர், ‘ரேடியோவில் ஏன் பேசாமல் நிற்க வேண்டும்?’ என்று கேட்டார். அவருக்கு வேறு ஒரு நாட்டுக்காரர் பதில் எழுதினார்: ‘எங்கள் ஊரிலும் நிற்போம்.’ அவரே பதினொரு வரி புரோகிராம் எழுதி அனுப்பினார். அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு, ஒலிபரப்போடு சேர்க்காமல், மூன்று வாரம் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சோதித்தேன். இரண்டு இடத்தில் சறுக்கியது. எழுதினேன், திருத்தி அனுப்பினார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. பிறகு பழைய கீபோர்டின் உள்பலகையை எடுத்து, அதில் பிரஸ் மெஷின் பட்டன் ஒன்றை வயர் இழுத்துச் சேர்த்தேன். அதுதான் பிரியா கேட்ட பச்சை பட்டன்.

ரத்னம்மாவின் முதல் வருஷ நினைவு நாள் வந்தபோது கிருஷ்ணப்பாவின் தோட்டத்துக்குப் போனேன். தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அன்று எட்டு மணிக்கு மௌன அஞ்சலி என்பதையும் பட்டனைப் பற்றியும் சொன்னேன்.

“மறுபடியுமா?” என்றார்.

“இந்தத் தடவ எங்கள நம்ப வேணாம்ணா. நீங்களே வந்து அமுக்குங்க.”

குச்சியைக் கீழே போட்டார். “நான் வெரல எடுத்தாதான் அது பேசுமா?”

“ஆமாங்க.”

“எடுக்கலன்னா?”

“எடுக்கற வரைக்கும் பேசாது.”

“கரண்டு போனா?”

“ஜெனரேட்டர் பக்கத்துல ஆள் நிக்க வெக்கறேன்.”

கீழே போட்ட குச்சியை எடுத்து நட ஆரம்பித்தார். ஆனால் அன்று எட்டு மணிக்கு முன்பே வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். அவரை மேஜை முன்னால் உட்கார வைத்து பட்டனைக் காட்டினேன். நான் உள்ளே நிற்கவில்லை. வெளி அறையில் அவருடைய ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இருந்த கண்ணாடி வழியாக அவருடைய கை தெரிந்தது.

மேடம் சொல்லி முடித்தார். ரேடியோவில் மௌனம் வந்தது. முழு மௌனம் இல்லை. மைக் திறந்திருந்ததால் ஸ்டுடியோ மின்விசிறியின் மெல்லிய ஓசையும், தூரத்தில் ஹைவேயில் லாரி போவதும் அதில் லேசாகக் கேட்டன. இருபது விநாடி தாண்டியது. நாற்பது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம் ஆனதும் மேடம் கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். அவர் விரலை எடுக்கவில்லை. மூன்று நிமிஷம். நாலாவது நிமிஷம் முடிகிற நேரத்தில் விரலை எடுத்தார்.

மேடம் பேசியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. மைக்கை மட்டும் மூடினார். சாப்ட்வேர் தன் வேலையைச் செய்தது. இருபதை எண்ணிவிட்டு வீணையை ஓட்டியது. மைக் மூடியதால் உள் ஸ்பீக்கரிலும் அது கேட்டது.

கிருஷ்ணப்பா எழுந்து வெளியே என்னிடம் வந்தார். “இது யாருது?”

“சத்தம் நின்னா வர்றதுண்ணா. மாத்தி வெச்சிருக்கோம்.”

“அவளது?”

“எடுத்துட்டோம்.”

“ஏன்? ஒரு தடவ நேரம் தெரியாம பேசிட்டான்னு வேலையை விட்டே தூக்கிட்டீங்களா?” என்றார். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. “அவ அத கரண்டு போறதுக்குத்தான பேசி வெச்சா. அந்த வேலைய அவளே பாக்கட்டும்.”

மேடத்தைப் பார்த்தேன். தலையசைத்தார். அன்று மத்தியானமே மாற்றினேன்.

கிருஷ்ணப்பா புறப்படும்போது மேஜையில் இருந்த தன் ரேடியோவை எடுத்துக்கொண்டார், கேட்கவில்லை. “பேட்டரி இருக்குதா?” என்றார். இருக்கிறது என்றேன். ஆன் செய்து பார்த்தார். அணைக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனார். மேடு இறங்கும் வரை பைக்குள் யாரோ பேசிக்கொண்டே போனார்கள்.

நேற்று இதையெல்லாம் சுருக்கிப் பிரியாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, “பாய், புது வெர்ஷன்ல இது ஏற்கெனவே உள்ளயே இருக்கு. யாரும் தனியா சேர்க்க வேண்டியதில்ல. ‘இறந்தவருக்காக மௌனம் காக்கும் ஊர்களின் ஸ்டேஷன்களுக்கு’ன்னு பக்கத்துல ஒரு வரியும் எழுதியிருக்காங்க” என்றார். எத்தனை ஊரில் அதை அமுக்குகிறார்களோ தெரியாது. பட்டனைப் புது மேஜைக்கும் மாட்டுவதாகச் சொன்னார். சத்தம் நின்றால் எந்த ஒலியை வைப்பது என்று கேட்டார். சொன்னேன்.

இன்று காலை பத்து மணிக்குப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதுக்கு மாற்றினார்கள். வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டு பாதியில் நின்றது. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. பதினெட்டு என்னும்போது என் ரேடியோவிலேயே ஏதாவது கோளாறோ என்று தோன்றி, என்னை அறியாமல் கையை ஓங்கினேன்.

“ஏம்பா, சத்தம் காணோமா? ரேடியோவத் தட்டாதீங்க.”

கையை எடுத்துக்கொண்டேன்.